ஐந்து ரூபாயில் மூன்று

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பரணை ஒழித்தோம். நான் ஸ்டூல் மேல் நின்று ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுக்க, மனைவி கீழே வாங்கி வரிசையாக வைத்தாள். பெட்டியே பிரிக்காத சாண்ட்விச் டோஸ்டர். ஒரு கோடைக்கு மட்டும் ஓடிய ஜூஸர். கால் பிடித்துவிடும் மெஷின். விலைச்சீட்டு கிழிக்காத மூன்று சட்டைகள். காலையில் நடக்கப் போவதற்கென்று வாங்கிய இரண்டு ஜோடி ஷூ, அதில் ஒன்றின் அடியில் மண்ணே படவில்லை. எனக்குத் தொழில் கணக்கு. ஒரு தனியார் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் 28 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கை சும்மா இருக்கவில்லை. கிடைத்த ஒரு கவரின் பின்பக்கத்தில், ஞாபகம் இருந்த விலைகளை எழுதிக் கூட்டினேன். 81,000 ரூபாய்ச் சொச்சம் வந்தது.

"ஒவ்வொண்ணையும் எவ்வளவு ஆசையா வாங்கினோம்ங்க," என்றாள் மனைவி.

குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். எனக்கும் அதுதான் உறைத்தது. பணம் போனால் போகட்டும், அந்த ஆசை எங்கே போயிற்று? ஜூஸர் வருவதற்கு முந்தின மூன்று நாளும் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, பார்சல் எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது என்று மணிக்கொரு தடவை செல்போனில் பார்த்தேன். வந்த அன்று சாயங்காலம் வீடே குதூகலமாக இருந்தது. சாத்துக்குடி வாங்க நானே கடைக்கு ஓடினேன். அப்புறம் எந்த நாளில் அது பரண் ஏறியது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் பிடிக்காமல் படுத்திருந்தபோது, ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற வேறொரு கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. ஐந்து ரூபாய்க் கணக்கு. அதைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது மதுரை. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெரு என்று ஒன்று உண்டு. சின்ன வயதில் எத்தனையோ தடவை அந்தத் தெரு வழியாகப் போயிருக்கிறேன். அங்கே ஒரு வீட்டை ரமண மந்திரம் என்று வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். 1896 ஜூலையில் அந்த வீட்டு மாடியில்தான், அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வெங்கடராமன் என்கிற 16 வயதுப் பையனுக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. உடம்பில் ஒரு நோயும் இல்லை. ஆனாலும் இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றியிருக்கிறது. யாரையும் கூப்பிடாமல், கை காலை நீட்டிப் பிணம் மாதிரிப் படுத்து, சாகப்போவது எது என்று உள்ளுக்குள் பார்த்தான். உடம்பு சாகும், சரி. அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிற நான் யார்? அந்தக் கேள்வியோடு உள்ளே போனவன் பழைய பையனாகத் திரும்பி வரவில்லை. அவரைத்தான் பிற்பாடு ரமண மகரிஷி என்று உலகம் கொண்டாடியது.

எனக்கு ஜூலையைவிட ஆகஸ்ட் 29ஆம் தேதிதான் முக்கியம். ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றை மூன்று தடவை எழுதி வரச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் தண்டனை. இரண்டு தடவை எழுதியாயிற்று. மூன்றாவதை எழுதாமல் நோட்டை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசாமிக்குக் கோபம். இப்படி இருக்கிறவனுக்கு இந்தப் படிப்பும் வீடும் எதற்கு என்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டார். அந்த வார்த்தை நியாயம் என்று தம்பிக்குப் பட்டது. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று எழுந்தான். அப்படியானால் பெட்டியிலிருந்து 5 ரூபாய் வாங்கிக்கொண்டு போய் என் காலேஜ் ஃபீஸையும் கட்டிவிடு என்றார் அண்ணன். கீழே சித்தி சோறு போட்டு, ஐந்து ரூபாயையும் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் ஒரு பழைய அட்லஸ் இருந்தது. அவன் போக நினைத்தது திருவண்ணாமலைக்கு. அதற்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று அதில் கண்டுபிடித்தான். டிக்கெட்டுக்கு 3 ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டான். மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்தான். அந்தக் கடிதத்தில், உன் ஃபீஸ் கட்டவில்லை, மீதி இதோ இருக்கிறது என்று மறக்காமல் குறித்திருக்கிறான். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் வெறும் கோடு.

நான் இந்த இடத்தை எத்தனை தடவை படித்திருப்பேனோ. அப்பாவைப் பறிகொடுத்த பையன், அம்மாவை விட்டு, ஊரை விட்டு, பேரைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறான். திரும்பி வரப்போவதில்லை. ஐந்து ரூபாயையும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? வழியில் பசிக்குமே, அவசரத்துக்கு ஆகுமே என்று நீங்களும் நானும் யோசித்திருப்போம். வழியில் பசிக்கத்தான் செய்தது. ஆனாலும் தேவைக்கு மேலே அவன் கை நீளவில்லை.

திண்டிவனம் டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. ரயிலில் உடன் வந்த ஒரு மௌல்வி, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே போகலாமே என்றார். விழுப்புரத்தில் சாப்பாட்டுக் கடைக்காரர் பையன் கையில் இருந்த காசைப் பார்த்துவிட்டு வாங்க மறுத்துவிட்டார். இருந்த அணாக்களுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து நடை. அறையணிநல்லூர் கோயில், பிறகு கீழூர். கீழூரில் ஒரு பாகவதர் வீட்டில் சோறு போட்டார்கள். காதில் கிடந்த கடுக்கனை அவரிடம் அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினான். அது 20 ரூபாய் பெறும் கடுக்கன். மீட்க வரும்போது வேண்டுமே என்று பாகவதர் எழுதிக் கொடுத்த சீட்டை, அவர் வீட்டைத் தாண்டியதும் கிழித்துப் போட்டுவிட்டான்.

செப்டம்பர் 1ஆம் தேதி காலையில் திருவண்ணாமலை. அருணாசலேசுவரர் சன்னிதியில் நின்றுவிட்டு வெளியே வந்தவன் அய்யங்குளத்துக்குப் போனான். பாகவதர் வீட்டில் கட்டிக் கொடுத்த பலகாரப் பொட்டலம் தண்ணீருக்குள் போனது. தலையை மழித்துக்கொண்டான். வேட்டியிலிருந்து கோவணத்துக்கு வேண்டிய அளவு கிழித்துக்கொண்டு மீதியைப் போட்டான். மிச்சமிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சத்தையும் எறிந்துவிட்டான். அதற்குப் பிறகு, 1950 ஏப்ரல் 14 ராத்திரி அந்த உடம்பு அடங்குகிறவரை, அவர் பணத்தைக் கையால் தொடவில்லை என்கிறார்கள் அவரோடு இருந்தவர்கள்.

இதுவரைக்கும் பலருக்கும் தெரிந்த கதைதான். துறவு என்றால் இப்படித்தான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நாமும் நகர்ந்துவிடுவோம். நானும் நகர்ந்தவன்தான். என்னை நிறுத்தி வைத்தது இதற்கு அப்புறம் வருகிற சமையற்கட்டுக் கதைகள்.

பிற்பாடு மகனிடமே வந்து சேர்ந்த அவருடைய அம்மா அழகம்மாள் 1922இல் காலமானார். அவரை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது. அங்கே ரமணர் பல வருஷம் விடியற்காலையில் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்க் காய் நறுக்கியிருக்கிறார், அரைத்திருக்கிறார், கிளறியிருக்கிறார். சமையலுக்கு இருந்த அம்மாமார்கள் அவரிடம் கைப்பக்குவம் கற்றுக்கொண்டதை ஆசையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கத்திரிக்காய்க் காம்பைக்கூட எறிய விடமாட்டாராம். காய்ந்த பட்டாணியோடு சேர்த்து வேக வைக்கச் சொல்லி, யாரும் தொடாத அந்தக் காம்பைத் தானே சாப்பிட்டாராம்.

ஆசிரமக் கட்டட வேலைகளைப் பார்த்துக்கொண்ட அண்ணாமலை சுவாமி இன்னொன்று சொல்லியிருக்கிறார். சமையற்கட்டுத் தரையில் நாலு கடுகு சிந்திக் கிடந்தது. சமைக்கிறவர்கள் கண்ணில் அது படவே இல்லை. ரமணர் உட்கார்ந்து நகத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டியில் போட்டார். இதே மாதிரி, கீழே சிந்திய அரிசியைக் குனிந்து பொறுக்குவார். மூட்டை மூட்டையாக அரிசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டவர்களிடம், அந்த ஒரு மணிக்குள் உழுதவனின் பாடும் மழையும் வெயிலும் இருப்பதை எடுத்துச் சொன்னார். தபாலில் வந்த காகிதங்களில் எழுதாத வெள்ளைப் பகுதியைக் கத்தரித்து நோட்டாகத் தைத்துக்கொள்வார். மலைமேல் குகையில் இருந்த காலத்தில் கோவணம் கிழிந்தபோது, முள்ளை ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே நூல் உருவித் தைத்துக்கொண்டதும் உண்டு.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பணத்தைக் குளத்தில் எறிந்ததும் கடுகைப் பொறுக்கியதும் ஒரே கை.

பல வருஷம் எனக்கு இது புரியவில்லை. எறிகிறவர் என்றால் தாராளம், பொறுக்குகிறவர் என்றால் சிக்கனம், இரண்டும் எப்படி ஒரே ஆளிடம்? எங்கள் தொழிலில் இரண்டும் வேறு வேறு பக்கம். இதற்குப் பதில் எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. என் அம்மாவின் பீரோவில் கிடைத்தது.

அப்பாவுக்கு மில் வேலை. 7ஆம் தேதி சம்பளம், 20ஆம் தேதியிலிருந்து கைமாற்று. அம்மா எதையும் தூக்கிப் போடமாட்டாள். பால் கவரைக் கழுவிக் காயவைப்பாள், பூ கட்டிய நாரைச் சுற்றி வைப்பாள். ரமணரைப் பற்றிப் படித்தபோதெல்லாம் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன், அம்மாவும் இப்படித்தானே என்று. அவள் போன பிறகு நானும் அக்காவும் தங்கையும் பீரோவைத் திறந்தோம். அடித்தட்டில் 11 சேலைகள். கட்டவே கட்டாத சேலைகள். எங்களில் யாராவது முதல் சம்பளத்தில், தீபாவளியில், கல்யாணத்தில் எடுத்துக் கொடுத்தவை. "நல்லநாள் வரட்டும்டா, கட்டிக்கிறேன்" என்பாள். நைந்த நூல் சேலையைத்தான் கடைசிவரை கட்டினாள். அந்தப் பதினொன்றையும் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் அழுதோம்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாளைக்கு இல்லாமல் போய்விடுமோ என்கிற பயத்தில் பாதுகாத்தாள், அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் பரணில் இருந்து ஜூஸரை இறக்கிய அன்றைக்கு ஒன்று விளங்கியது. அம்மாவின் அடித்தட்டும் என் பரணும் ஒன்றுதான். அவள் பயத்தில் சேர்த்தாள், நான் ஆசையில் சேர்த்தேன். இரண்டு பேரும் கையில் வந்ததை அனுபவிக்கவில்லை. எங்கள் இருவருக்குமே மனசு இன்னொரு நாளில் இருந்தது.

ரமணருக்கு அந்த இன்னொரு நாள் கிடையாது. கடுகு கண்ணில் பட்டால் கடுகு. காம்பு கையில் இருந்தால் காம்பு. தாளிக்கிற சட்டிக்குள் போனால்தான் கடுகு தன் வேலையை முடிக்கும் என்பதால் பொறுக்கினார், தீர்ந்துவிடும் என்ற பயத்தில் இல்லை. குளக்கரையில் நின்ற பையனுக்குப் பணத்தால் ஆகவேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை, அதனால் விட்டான். நிறைந்த மனசு எப்படி இருக்கும் என்று கேட்டால் இந்தக் கையைத்தான் நான் காட்டுவேன். பற்றிக்கொள்ளவும் செய்யாது, பாழாக்கவும் செய்யாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1924 ஜூன் 26 ராத்திரி ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். அப்போது அது ஒரு கீற்றுக்கொட்டகை. வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும், தடுக்காதீர்கள் என்று உடன் இருந்தவர்களை ரமணர் அடக்கினார். அவர்கள் கேட்ட விளக்கும் கொடுக்கப்பட்டது. அப்படியும் அவருடைய தொடையில் அடி விழுந்தது. போதவில்லை என்றால் அடுத்த காலிலும் அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். தேடித் தேடி அவர்களுக்குக் கிடைத்தது சொற்ப ரூபாய்ச் சாமான். கடுகைப் பொறுக்குகிற அதே மனிதர் இவர்!

சரி, அந்த நிறைவு அவருக்கு எங்கிருந்து வந்தது? 1901 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்கிற அரசாங்க அலுவலர் மலைக்குப் போய் அவரிடம் சில கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. பதில்களை எழுதிக் காட்டினார். அதுதான் பின்னால் 'நான் யார்?' என்று சின்னப் புத்தகமாக வந்தது. சுகத்தைப் பற்றி அதில் வருவதை என் பாஷையில் சொல்கிறேன். நாம் விரும்பிய பொருள் கையில் கிடைத்ததும் சந்தோஷம் வருகிறது. பொருளிலிருந்து வந்தது என்று நினைக்கிறோம். உண்மையில், வேண்டும் வேண்டும் என்று ஓடிய மனசு அந்த ஒரு நிமிஷம் ஓட்டத்தை நிறுத்தித் தன் இடத்துக்குத் திரும்புகிறது. அங்கே ஏற்கெனவே இருக்கிற சுகம்தான் தெரிகிறது. அடுத்த ஆசை வந்ததும் மனசு மறுபடி கிளம்பிவிடுகிறது.

படித்தபோது தத்துவமாகத் தெரிந்தது. ஜூஸர் வந்த சாயங்காலத்தோடு வைத்துப் பார்த்தால் அப்பட்டமான நிஜம். மூன்று நாள் தவிப்பு அன்று நின்றது. அந்த நிம்மதியைத்தான் வீடு முழுக்க அனுபவித்தோம். பெயரை மட்டும் மெஷினுக்குக் கொடுத்துவிட்டோம்.

வசதி இல்லாதவர்களிடம் போய் உள்ளுக்குள் செல்வம் இருக்கிறது, வெளியே தேடாதே என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. வயிறு காய்கிறவருக்கு முதலில் சோறு. ஆசிரமத்திலும் அப்படித்தான் நடந்தது. வாசலுக்கு வந்த ஏழைகளுக்குப் போட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு. பந்தியில் எல்லோருக்கும் என்னவோ அதுதான் ரமணருக்கும். தனக்கென்று ஒரு கரண்டி கூட விழுந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். குடும்பத்தை விட்டுவிட்டு வருகிறேன் என்று உத்தரவு கேட்டவர்களைத் திருப்பி அனுப்பியதும் அவர்தான். வீட்டை விட்டாலும் மனசு கூடவே வருமே, அதை எங்கே விடுவாய் என்பது அவர் கேள்வி. ஆகவே வேலையை விட வேண்டாம், கடனை அடையுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். நான் இன்னமும் வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மனசுக்குள் நடப்பது மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் செல்போனில் ஏதாவது வாங்கத் தேடுவது என் வழக்கம். இப்போது கை போகும்போது, யாருக்கு வேண்டும் இது என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு என்று பதில் வரும். அந்த நான் யார் என்று அடுத்த கேள்வி. பெரிய அனுபவமெல்லாம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு இரண்டு நிமிஷம் இருந்தால், அரிப்பு அடங்குகிற மாதிரி ஆசை அடங்குவதை நேரில் பார்க்கிறேன். பத்துத் தடவையில் நாலு தடவை. மீதி ஆறு தடவை வாங்கிவிடுகிறேன். நாலுகூட எனக்குப் பெரிது. அந்த நாலு ராத்திரியும் ஜூஸர் வந்த சாயங்காலம் போலவே இருக்கிறது, செலவில்லாமல்.

ரமணரின் அம்மா அழகம்மாள் மலைமேல் விருபாக்ஷி குகையில் அப்பளம் இட உட்கார்ந்து மகனையும் ஒத்தாசைக்குக் கூப்பிட்டபோது, ரமணர் அப்பளப் பாட்டு என்று ஒன்றை எழுதிக் கொடுத்தார். உளுந்து, பிரண்டைச் சாறு, மிளகு, சீரகம், உப்பு, பெருங்காயம் என்று அம்மாவுக்குத் தெரிந்த சாமான்களை வைத்தே ஞானத்தின் பக்குவத்தைச் சொன்ன பாட்டு. எனக்கு அவர் மேல் பிரியம் கூடிப்போனது அதைப் படித்த பிறகுதான். அம்மாவின் முறத்திலேயே எல்லாம் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்ன பிள்ளை.

பரணில் இருந்தவற்றில் ஜூஸர் எங்கள் தெருமுனைப் பழக்கடை அக்காவிடம் போயிற்று. தினம் ஓடுகிறது. டோஸ்டர் தங்கை மகள் ஹாஸ்டலுக்கு. சட்டைகளை நானே போட ஆரம்பித்துவிட்டேன். அம்மாவின் பதினொரு சேலைகளையும் அக்காவும் தங்கையும் என் மனைவியும் பிரித்துக்கொண்டார்கள், இந்த வருஷத்துக்குள் ஒவ்வொன்றையும் ஒரு தடவையாவது கட்டிவிடுவது என்று பேச்சு.

நீங்கள் திருவண்ணாமலைக்குப் போனால், ரமணர் இருந்த பழைய கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மத்தியானம் பந்தியிலும் உட்காருங்கள். இலையில் விழுந்ததை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு எழுந்திருங்கள்.

பொங்கலன்று என் மனைவி அம்மாவின் சுங்குடிச் சேலையை எடுத்தாள். பிரித்தபோது மடிப்பில் இரண்டு இடத்தில் இற்றுப்போயிருந்தது. ஊசி நூல் எடுத்துத் தைத்துக் கட்டிக்கொண்டாள்.